அந்தப் படத்தில் பூட்ஸ் சரியில்லை

குடியாத்தத்தில் ஞாயிறு மேட்னி.
டிக்கெட் எஸ்தர் எடுத்தாள், பப்ஸ் என் செலவு.
ஷம்ஷாத்துக்குப் பேய்ப்படம்தான் பிடிக்கும்.
உலகம் அழிகிற படம் என்றதும்
"அழியட்டும், ஏசி இருக்குதா?" என்றாள்.
இருந்தது, இடைவேளை வரைக்கும்.

கதை இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சத்தில் நடக்கிறது.
வானம் மஞ்சள். மழை பட்டால் தோல் பொசுங்கும்.
எல்லோருக்கும் ஒரே சாம்பல் சட்டை,
பெயருக்குப் பதில் எண்.
ஊரைச் சுற்றிச் சுவர், சுவரெல்லாம் கண்.
டப்பிங்கில் ஒருவன் முழங்குகிறான்:
"தளபதி, இனி நமக்கு விடியலே கிடையாது!"
அப்படி யாரும் எங்கேயும் பேசுவதில்லை.
விடியாது என்று தெரிந்தவன்
"டீ சொல்லவா?" என்றுதான் கேட்பான்.

எனக்கு சினிமா படிப்பெல்லாம் கிடையாது.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம்,
அப்பரையும் சோலையும் ஒட்டுகிற டேபிள்.
யாரைப் பார்த்தாலும் முதலில் கால்தான் கண்ணில் படும்.
கதாநாயகி மூன்று நாள் ஓடுகிறாள்,
எரிக்கிற மழையில், இடிந்த பாலத்தில்,
சாக்கடைக் குழாய்க்குள் முழங்கால் வரை.
அவள் பூட்ஸ் வாயே பிளக்கவில்லை.
அது ஒட்டின சோல், தைத்ததில்லை,
ஓரத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன்.
முதல் நாள் சாயங்காலம் பிய்ந்திருக்கும்.
மறுநாள் கயிறு கட்டி இழுத்து நடந்திருப்பாள்.
"செகண்ட்ஸ்," என்றேன் இருட்டில்.
எஸ்தர் சிரித்த சிரிப்பில்
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன்.
தண்ணீர் விடுகிற காட்சி.
சைரன் ஊதினால் ஆளுக்கு ஒரு குவளை.
ஒரு பையன் குடித்து முடித்து
குவளையின் அடியில் நாக்கை விட்டுத் துழாவுகிறான்.
இசை இல்லை. அந்தச் சத்தம் மட்டும்.
தியேட்டரில் பாப்கார்ன் கொறிக்கிற ஒலி நின்றது.
நான், வீட்டுக்குக் கேன் வந்திருக்குமா என்று யோசித்தேன்.

எனக்குச் சண்டை அந்த விரல் விஷயத்தில்தான்.
கதவு, சோறு, கட்டில்,
எல்லாம் கட்டைவிரல் வைத்தால் திறக்கும்.
நாயகன் தப்பிக்க வேண்டும்.
சுரங்கத்தில் ஒளிந்து வாழும் வைத்தியனிடம்
இருக்கிற சொத்தையெல்லாம் கொட்டி
பத்து விரலிலும் ரேகை போகத் தேய்த்துக்கொள்கிறான்.
வயலின் அழுகிறது.
இனி அவன் யாருமில்லை. அதனால் விடுதலையாம்.

எங்கள் டேபிளுக்கு வந்திருக்கலாம்.
பசை, தின்னர், உப்புத்தாள்,
மூன்று வருஷம் போதும், காசு வேண்டாம்.
காலையில் ஏழு ஐம்பத்தைந்து,
கேட்டில் இருக்கிற பெட்டியில் விரல் வைத்தால்
"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்கிறாள் உள்ளே ஒருத்தி.
முந்தானையில் துடைத்து, ஊதி,
எண்ணெய்த் தலையில் தேய்த்து, மறுபடியும் வைத்து,
எட்டு அடித்துவிடும். அரை நாள் போச்சு.
ரேஷன் கடையிலும் அவளேதான்.
முனிரத்தினம் அண்ணன் மகளும் நானும்
ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.
அவரே கையை விரிக்கிறார்:
"இன்னா பண்றது கஸ்தூரி,
நீதான் கஸ்தூரின்னு மிஷின் ஒத்துக்க மாட்டேங்குதே."

படத்தில் ஒரு மிஷின்கூட முழிக்கவில்லை.
அத்தனை கிராபிக்ஸிலும் பெரிய கற்பனை அதுதான்.
எல்லாம் தெரிந்த மிஷினைப் பார்த்து அவர்கள் நடுங்குகிறார்கள்.
பதினோரு வருஷம் பார்த்தும்
ஆள் அடையாளம் தெரியாத மிஷின் முன்னால்
எப்படி நிற்பது என்று
டைரக்டருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

பத்துக்கு ஐந்து மார்க் போட்டேன்.
எஸ்தர் ஏழு, வில்லன் அழகாம்.
இடைவேளைக்கு அப்புறம் தூங்கிப்போன ஷம்ஷாத்
பஸ்ஸில் கேட்டாள்,
"கடைசியில சுவரைத் தாண்டிட்டாளா?"
"தாண்டிட்டா."
"அந்தப் பக்கம் இன்னா இருந்துச்சு?"
அதைக் காட்டவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் முடித்துவிட்டார்கள்.
அதற்கும் ஒரு மார்க் குறைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை கேட்டில் எனக்குப் பின்னால் நாற்பது பேர்.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.
எஸ்தர் என் தோளில் கை வைத்து
அடித்தொண்டையில் முழங்கினாள்:
"தளபதி, இனி நமக்கு விடியலே கிடையாது!"
வரிசையே சிரித்தது, படம் பார்க்காதவர்களும்.
செக்யூரிட்டிகூட.
நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு
நான்காவது தடவை விரலை வைத்தேன்.